பில்லில் ஒரு பைசா பிசகுவது ஏன்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல், தோல் ரசாயனம், ஷூ சாமான் என்று எந்த மொத்த வியாபாரத்தை எடுத்துக் கொண்டாலும் இன்று பில் போடுவது கம்ப்யூட்டர் தான். விற்றவர் கடையில் ஒரு கம்ப்யூட்டர், வாங்கியவர் கடையில் ஒரு கம்ப்யூட்டர். ஒரே சரக்கு, ஒரே விலை, ஒரே வரி விகிதம். இருந்தும் சில பில்களில் இரண்டு விடைகளும் ஒரு பைசா, இருபது பைசா பிசகி நிற்கின்றன.

தொகை அற்பம் தான். ஆனால் வாங்கியவரின் கணக்குப்பிள்ளை "பில் ஒத்து வரவில்லை" என்று எழுதி ஒதுக்கி வைத்து விட்டால், அந்த ஒரு பைசாவுக்காக லட்ச ரூபாய்க் காசோலை ஒரு வாரம் நின்று போகிறது. அதை விடக் கெட்டது என்னவென்றால், "அவர்கள் சாப்ட்வேரில் ஏதோ வைத்திருக்கிறார்கள்" என்று ஒரு பேச்சு கிளம்பி விடுகிறது. இருபது வருஷப் பற்று வரவு உள்ள இரண்டு கடைகள் இப்படி முகம் திருப்பிக் கொண்டதை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டு பேருமே நாணயஸ்தர்கள். பிசகியது மனிதர் கணக்கு அல்ல, மெஷினின் அடிவயிற்றில் நடக்கிற கணக்கு. நாம் படித்தது பள்ளிப் படிப்பு மட்டுமே. ஆனாலும் இது கடைக்காரருக்குப் புரியாத விஷயம் இல்லை. தராசு தெரிந்தவருக்கு இதுவும் தெரியும்.

எடைக்கல் பெட்டி

ஒரு தராசை எண்ணிக் கொள்ளுங்கள். எடைக்கல் பெட்டியில் ஒரு கிலோ, அரை, கால், அரைக்கால், வீசம், அரை வீசம் என்று ஒவ்வொரு கல்லும் முந்தியதில் சரிபாதி. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கல் தான் உண்டு. முக்கால் கிலோ வேண்டுமென்றால் அரையும் காலும் வைத்தால் முள் நேரே நிற்கும். இப்போது நூறு கிராம், அதாவது கிலோவில் பத்தில் ஒரு பங்கு, நிறுத்துத் தரச் சொல்லுங்கள். அரைக்கால் கல் வைத்தால் 125 கிராம், தாண்டிப் போகிறது. வீசமும் அரை வீசமும் வைத்தால் 93.75 கிராம், குறைகிறது. அடுத்த இரண்டு கல்லில் எதை வைத்தாலும் தாண்டுகிறது. அவற்றை விட்டு 256-ல் ஒரு பங்குக் கல்லை வைத்தால் 97.65625. அதோடு 512-ல் ஒரு பங்கும் சேர்த்தால் 99.609375. இப்படியே போனால் நூறை நெருங்கலாமே தவிர, நூறைத் தொடவே முடியாது. பெட்டியில் ஆயிரம் கல் இருந்தாலும் இதே கதி தான்.

கம்ப்யூட்டர் எண்களை இப்படித் தான் வைத்துக் கொள்கிறது. பின்னம் உள்ள எண்களுக்கு இன்று வழக்கத்தில் இருக்கிற முறையில் அதனிடம் 53 கல் உண்டு. பெரிய தொகை வந்தால் பெரிய கல்லிலிருந்து 53, சிறிய தொகை வந்தால் சிறிய கல்லிலிருந்து 53 என்று பெட்டி மேலும் கீழும் நகர்கிறது. புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் மிதப்பதால் இதை மிதவைப் புள்ளி எண் என்கிறார்கள். பத்தில் ஒரு பங்கை அந்த 53 கல்லில் நிறுத்தால் 0.1000000000000000055 என்று ஒரு இம்மி கூடுதலாக நிற்கிறது. பத்துப் பத்துப் பைசாவாகப் பத்து முறை கூட்டினால் ஒரு ரூபாய் வர வேண்டும், மெஷினில் 0.9999999999999999 வருகிறது. ஒவ்வொன்றும் இம்மி கூடுதலாக இருக்கும் போது மொத்தம் எப்படிக் குறையும் என்று கேட்கலாம். கூட்டுகிற ஒவ்வொரு தடவையும் விடையை மறுபடி 53 கல்லில் அடக்க வேண்டியிருக்கிறது. அங்கே கொஞ்சம் உதிர்கிறது.

நம்முடைய பழைய எண்சுவடிக் கணக்கில் இதற்கு ஒரு அழகான விளக்கம் கிடைக்கிறது. கால், அரைக்கால், வீசம், அரை வீசம் என்பவை ஒரு வம்சம். எல்லாம் பாதி பாதியாகப் பிரிந்தவை. கம்ப்யூட்டருக்குள் பிசிறில்லாமல் உட்காரும். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் 320-ல் ஒன்று. இது இன்னொரு வம்சம். இவற்றுக்குள் ஐந்து ஒளிந்திருக்கிறது. பாதியாக்குவது ஒன்றையே அறிந்த மெஷினுக்கு ஐந்தில் ஒரு பங்கு ஒருநாளும் அடங்காது. மேலே சொன்ன பத்தில் ஒரு பங்கு நம் கணக்கில் இருமா.

ரூபாயும் அப்படித் தான். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வரும் வரை ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா. நம் தகப்பனார்கள் எழுதிய அந்தக் காலணாக் கணக்கு இன்றைய கம்ப்யூட்டருக்குள் அச்சாக அடங்கியிருக்கும். (192-ல் ஒன்றான பை மட்டும் அடங்காது, அதில் மூன்று இருக்கிறது.) நூறு பைசாவுக்கு மாறியதில் மனிதருக்குக் கணக்கு சுலபமாயிற்று, பிற்பாடு வந்த மெஷினுக்குத் தொல்லையாயிற்று. நம் தோல் வியாபாரத்திலும் இந்த இரண்டு வம்சமும் ஒரே பில்லில் சந்திக்கின்றன. தோலின் அளவை அடி, கால் அடி என்று எழுதுகிறோம். அது மெஷினுக்குச் சம்மதம். விலையை ரூபாய், பைசாவில் எழுதுகிறோம், அது சம்மதமில்லை.

ஒரே கணக்கு, இரண்டு விடை

வெளி மாநிலத்துக்கு ஒரு சாமான் 53 ரூபாய் 50 பைசாவுக்குப் போகிறது, ஐ.ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். 5 சதவீதம் என்பது நம் கணக்கில் ஒரு மா. வரி 2.675 ரூபாய், அரைப் பைசா இருப்பதால் மேலே ஏற்றி 2.68. கணக்குப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொல்லி விடுவார்.

ஒரு புரோகிராம் 53.50-ஐ 0.05-ஆல் பெருக்குகிறது. மெஷினுக்குள் வருவது ஏறக்குறைய 2.67500000000000027. இரண்டு இலக்கமாகச் சுருக்கினால் 2.68. இன்னொரு புரோகிராம் 53.50-ஐ 5-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்கிறது. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்த வழி இது தான். இதில் மெஷினுக்குள் வருவது 2.67499999999999982. அரைப் பைசாவுக்கு ஒரு மயிரிழை குறைவு என்பதால் கீழே இறங்கி 2.67 ஆகிறது. இரண்டு புரோகிராமையும் எழுதியவர்கள் சரியாகத் தான் எழுதியிருக்கிறார்கள். விடை மட்டும் வேறு.

இதே சாமான் பில்லில் 40 வரியாக வந்தால் என்ன ஆகும்? மொத்தம் 2,140 ரூபாய், நியாயமான வரி 107 ரூபாய். வரிக்கு வரி சுருக்கிக் கூட்டினால் முதல் புரோகிராம் 107.20 என்கிறது, இரண்டாவது 106.80 என்கிறது. நாற்பது பைசா வித்தியாசம். இங்கே நம்மைக் காப்பாற்றுவது மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-வது பிரிவு. ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்று, குறைந்தால் விட்டு விடு என்கிறது அந்தப் பிரிவு. இரண்டு தொகையும் 107 ஆகி விடும். ஆனால் உண்மைத் தொகையே ஐம்பது பைசாவை ஒட்டி இருந்தால், ஒருவர் பில் ஒரு ரூபாய் ஏறும், மற்றவர் பில் இறங்கும்.

எல்லாப் பழியையும் மெஷின் மேல் போடவும் கூடாது. 110 ரூபாய் 10 பைசா சரக்கை எடுத்துக் கொள்ளுங்கள். உள்ளூர் விற்பனையில் மத்திய வரி இரண்டரை சதவீதம் 2.7525, அதாவது 2.75, மாநில வரியும் 2.75, ஆக 5.50. அதே சரக்கு எல்லை தாண்டினால் 5 சதவீதம் 5.505, அதாவது 5.51. இந்த ஒரு பைசா, தொகையை இரண்டாகப் பிரித்துச் சுருக்கியதால் வந்தது. பேனாவால் எழுதினாலும் வரும்.

மெஷினுக்குள் ஒரு ரெடி ரெக்கனர்

முன்பு ஒவ்வொரு மண்டியிலும் ரெடி ரெக்கனர் என்ற புத்தகம் இருக்கும். வட்டி வாய்ப்பாடு, விலை வாய்ப்பாடு எல்லாம் அச்சிட்டது. கணக்குப்பிள்ளை பெருக்கிக் கொண்டிருக்க மாட்டார், பக்கத்தைப் புரட்டுவார். அந்தப் புத்தகத்தில் ஒரு எண் அச்சுப் பிழையாக இருந்தால், அதை வாங்கிய அத்தனை கடைகளிலும் ஒரே பிழை நடக்கும்.

கம்ப்யூட்டரிலும் அது போல ஒன்று உண்டு. பில் போடுகிற சாப்ட்வேரை எழுதுபவர் சுருக்குவது, வர்க்கமூலம் எடுப்பது, கூட்டு வட்டிக்கு அடுக்குப் போடுவது எதையும் தாமே எழுதுவதில்லை. அவை முன்னமே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்குக் கணித நூலகம், மேத் லைப்ரரி என்று பெயர். அதற்கும் அடியில் சிப்பு. நூலகத்தில் ஒரு பிசகு இருந்தால் உலகம் முழுதும் அதை நம்பியிருக்கிற அத்தனை புரோகிராமிலும் பிசகும். அங்கே ஒரு தடவை சரி செய்தால், நூலகத்தைப் புதுப்பித்துக் கொண்ட அத்தனையிலும் சரியாகும்.

1970-களில் ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு விதமாகச் சுருக்கியது. ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறாக இருந்த காலம் போல. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வில்லியம் கஹான் முன்னின்று வகுத்த ஐ.இ.இ.இ. 754 என்ற பொது விதி 1985-ல் வந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஐந்திலும், உண்மை விடைக்கு மிக அருகில் உள்ள எண்ணைத் தான் தர வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. இதற்காக 1989-ல் அவருக்கு ட்யூரிங் பரிசு கிடைத்தது. மடக்கை, அடுக்கு போன்றவற்றுக்கு மட்டும் அந்த விதி அத்தனை கட்டாயம் செய்யவில்லை. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

நூலகத்தைச் செப்பனிடுவது எத்தனை நுட்பமான வேலை என்பதற்கு ஜாவா மொழியின் கதை ஒன்று போதும். முழு எண்ணாகச் சுருக்க அதில் ஒரு செயல் உண்டு. அரையைக் கூட்டு, மிச்சத்தை வெட்டி விடு என்பது அதன் உள்வழி. நாமும் அப்படித் தான் செய்வோம். 0.49999999999999994 என்ற எண்ணை அதில் போட்டால் பூஜ்யம் வர வேண்டும், ஏனென்றால் அது அரைக்குக் கீழே. ஆனால் 1 வந்தது. அரையைக் கூட்டியதும் 0.99999999999999994 ஆகிறது, அந்த எண் 53 கல்லில் அடங்காமல் 1 ஆகவே மாறி விடுகிறது. 2011-ல் வந்த ஜாவா 7-ல் இதற்கு ஒரு ஒட்டுப் போட்டார்கள்: இந்த ஒரு எண் வந்தால் மட்டும் பூஜ்யம் என்று சொல். ஒழுகும் ஓட்டின் கீழே பாத்திரம் வைப்பது போல. பதினாறு இலக்க ஒற்றைப்படை எண்கள் சிலவற்றில் அதே வழிமுறை இன்னொரு விதமாகப் பிசகிக் கொண்டு தான் இருந்தது. அரையைக் கூட்டுகிற வழியையே கைவிட்டு, எண்ணின் உள்ளே இருக்கிற கற்களை நேராகப் பார்த்துச் சுருக்கும்படி மாற்றி எழுதியது 2014-ல் வந்த ஜாவா 8-ல் தான்.

பெண்டியம் சிப்பும் பதினைந்து அணாவும்

இந்தத் துறையில் பெரிய வழக்கு 1994-ல் நடந்தது. அமெரிக்காவில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி, பகா எண்களின் தலைகீழ் பின்னங்களைக் கூட்டிக் கொண்டிருந்தார். விடைகள் ஒத்து வரவில்லை. தம்முடைய புரோகிராம் மேல் சந்தேகப்பட்டார், அது சரி. கம்பைலர் மேல் சந்தேகப்பட்டார், அதுவும் பிறகு விலகியது. கடைசியில் மிஞ்சியது இன்டெல் கம்பெனியின் புதிய பெண்டியம் சிப்பு. வகுத்தலைச் சீக்கிரம் முடிக்க அந்தச் சிப்புக்குள் ஒரு வாய்ப்பாடு பொதிந்து வைத்திருந்தார்கள். அதில் ஐந்து கட்டங்களில் இருக்க வேண்டிய எண் விடுபட்டுப் போய்ப் பூஜ்யமாக இருந்தது.

பள்ளியில் வகுத்தலைச் சரி பார்க்கக் கற்றுத் தந்தது நினைவிருக்கும். ஈவை வகு எண்ணால் பெருக்கு, வகுபடும் எண் வர வேண்டும். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 3145727-ஆல் பெருக்கி, 4195835-லிருந்து கழித்தால் மீதி ஒன்றும் இருக்கக் கூடாது. பழுதான பெண்டியத்தில் மீதி 256 வந்தது. சரியான ஈவு 1.33382, அது சொன்னது 1.33373. ஐந்தாவது இலக்கத்திலேயே பிசகு.

இன்டெல்லுக்கு இது அந்த ஆண்டின் நடுவிலேயே தெரியும். அடுத்த தயாரிப்பில் திருத்திக் கொள்ளலாம் என்று இருந்து விட்டார்கள். விஷயம் வெளியே வந்ததும், சாதாரண உபயோகத்தில் 27,000 வருஷத்துக்கு ஒரு முறை தான் இந்தப் பிழை வரும் என்றார்கள். ஐ.பி.எம். கம்பெனி தன் கணக்கில் 24 நாளைக்கு ஒரு முறை வரலாம் என்று சொல்லி, டிசம்பர் 12-ஆம் தேதி பெண்டியம் வைத்த கம்ப்யூட்டர்களை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20-ஆம் தேதி, கேட்பவர் யாராக இருந்தாலும் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. இதற்காக அவர்கள் கணக்கில் ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர். சரக்கில் குறை என்று ஒருவர் கொண்டு வந்தால் முதல் நாளே மாற்றிக் கொடுக்கிற கடைக்காரருக்கு இந்தச் செலவு ஆகியிராது என்பது நம் அபிப்பிராயம்.

ஆனால் நாம் சொல்ல வந்தது செலவை அல்ல. சிப்பு மாறும் வரை கோடிக்கணக்கான கணக்குகள் நின்று விட முடியாதே. கிளீவ் மோலர், டிம் கோ, டெர்ஜே மதிசென், பீட்டர் டாங் ஆகியோர் சேர்ந்து நூலக மட்டத்தில் ஒரு மருந்து கண்டார்கள். வகு எண்ணின் முன் இலக்கங்களைப் பார்; அந்த ஐந்து கட்டத்தில் விழக் கூடிய சாயல் இருந்தால், வகு எண்ணையும் வகுபடும் எண்ணையும் இரண்டையும் பதினாறில் பதினைந்து பங்காகக் குறைத்து விட்டு அப்புறம் வகு. இரண்டு பக்கமும் ஒரே அளவில் குறைத்தால் ஈவு மாறாது. ஆனால் வகு எண் நகர்ந்து போய் விடுவதால் விடுபட்ட கட்டத்தில் கால் வைக்காது. ரூபாய்க்குப் பதினைந்து அணா! பதினாறு என்பது பாதி வம்சம் ஆனதால் அந்தப் பெருக்கலில் புதிதாகப் பிசிறும் சேராது. பழுதான சிப்பை வைத்துக் கொண்டே சரியான விடை வாங்கினார்கள்.

வேலையை அரைகுறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு, அது துக்கமானது. 1991 பிப்ரவரி 25-ஆம் தேதி, வளைகுடாப் போரின் போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் என்ற எதிர்ப்பு ஏவுகணைச் சாதனம், வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவற விட்டது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். அந்தச் சாதனம் நேரத்தை வினாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. மறுபடியும் அதே இருமா! அதுவும் 24 கல் பெட்டியில், மிச்சத்தை வெட்டி விட்டு. ஒரு எண்ணிக்கைக்கு வினாடியில் கோடியில் ஒரு பங்கு கூடக் குறையவில்லை. ஆனால் சாதனத்தை நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓட விட்டதில் அது 0.34 வினாடியாகச் சேர்ந்து விட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய் விடும். நேரத்தை இன்னும் துல்லியமாக மாற்றுகிற திருத்தம் புரோகிராமில் சில இடங்களில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தது, வேண்டிய எல்லா இடத்திலும் அல்ல. எல்லா இடத்திலும் ஒரே பிழை இருந்திருந்தால் கழித்தலில் ஒன்றுக்கொன்று அடிபட்டுப் போயிருக்கும். பாதி இடத்தில் திருத்தியதால் அடிபடாமல் நின்றது. திருத்திய சாப்ட்வேர் தஹ்ரானுக்குப் போய்ச் சேர்ந்தது மறுநாள்.

வாய்ப்பாடு அச்சிடுபவரின் சங்கடம்

அடுக்கு, மடக்கை போன்றவற்றை விதி அத்தனை கட்டாயம் செய்யவில்லை என்றோமே, அதற்குக் காரணம் இது. நாலு இலக்க வாய்ப்பாடு அச்சிடுபவர் ஒருவர் ஒரு விடையைக் கணக்கிடும் போது 1.23454999 என்று வந்தால், 1.2345 என்று இறக்குவதா, 1.2346 என்று ஏற்றுவதா? அடுத்த இலக்கங்களைப் பார்த்தால் தான் தெரியும். எத்தனை இலக்கம் போட்டால் போதும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கூட்டல் வகுத்தலுக்கு இந்தச் சங்கடம் இல்லை. கூட்டு வட்டிக்கு வேண்டிய அடுக்குக்கு உண்டு.

லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருக்கிற குனு சி நூலகம் இந்தச் சங்கடத்தை ஒரு காலத்தில் பிடிவாதமாக எதிர்கொண்டது. சந்தேகம் வந்தால் 53 கல்லுக்குப் பதில் 768 கல் வரை வைத்துப் பார்க்கும். விடை கடைசி இம்மி வரை சரியாக வரும். ஆனால் அப்படிப்பட்ட எண் மாட்டிக் கொண்டால் சாதாரண நேரத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேலும் காத்திருக்க வேண்டும். 2013 வாக்கில், ரெட் ஹேட் கம்பெனியில் பணியாற்றிய நம் நாட்டு எஞ்சினீயர் சித்தேஷ் போயாரேகர் அந்தப் பல கல் கணக்கை அக்கக்காகப் பிரித்துப் பார்த்து வேகப்படுத்தினார். பிறகு 2018 ஆகஸ்டில் வந்த 2.28-வது பதிப்பில் அடுக்கு, மடக்கைக்கான செயல்களைப் புதிதாக எழுதி, அந்த நீண்ட வழியையே எடுத்து விட்டார்கள். மிக அபூர்வமாகக் கடைசிக் கல் ஒன்று மாறி நிற்கலாம், பரவாயில்லை, யாரும் காத்து நிற்க வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். நாமும் மஞ்சள் நிறுக்கிற தராசில் தங்கம் நிறுப்பதில்லையே.

மறு பக்கமும் உண்டு. பைத்தான் மொழியில் கூட்டல் செயலை 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில் திருத்தினார்கள். ஒவ்வொரு கூட்டலிலும் உதிர்கிற துகளைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டே வந்து கடைசியில் சேர்த்துக் கொள்கிறது. இந்த உபாயத்தின் மூலம் கஹான் 1965-ல் சொன்னது. இதற்குப் பின் பத்துப் பத்துப் பைசா அங்கே ஒரு ரூபாய் ஆகிறது. சில்லறை பாக்கியைத் தனியே குறித்து வைத்துக் கணக்கு முடிக்கும் போது சேர்ப்பது நமக்குப் புதிதல்ல.

உதிர்வதைக் கவனிக்காமல் விட்ட பங்குச் சந்தை ஒன்றும் உண்டு. கனடாவில் வான்கூவர் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டெண்ணை 1000-த்தில் தொடங்கியது. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் திருப்பிக் கணக்கிட்டு, மூன்று இலக்கத்துக்கு மேல் வெட்டி விட்டார்கள். வெட்டுவதில் எப்போதும் இறக்கம் தான், ஏற்றமே இல்லை. தினமும் ஏறக்குறைய மூவாயிரம் முறை வெட்டியதில் 1983 நவம்பரில் எண் 524-க்கு இறங்கி நின்றது. சரியாகக் கணக்கிட்டதும் 1098 ஆயிற்று.

நம் கடைக்கு என்ன

கோடி ரூபாய் பில்லில் கூட 53 கல் பெட்டி பைசாவைத் தொலைக்காது; பதினைந்து இலக்கம் தாங்கும். தொல்லை எல்லாம் அரைப் பைசா, அரை ரூபாய் என்ற விளிம்பில் தான். ஆனால் சில பழைய புரோகிராம்கள் இடம் மிச்சம் பிடிக்க 24 கல் பெட்டியில் தொகையை வைக்கின்றன. அதில் 1,31,072 ரூபாயைத் தாண்டினால் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே ஒன்றரைப் பைசாவுக்கு மேல் இடைவெளி. பைசாவை எழுதவே முடியாது. அப்படிப்பட்டதை உடனே மாற்றி விட வேண்டும்.

சாப்ட்வேர் கொடுப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: தொகையை எப்படி வைத்திருக்கிறீர்கள்? "பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைக்கிறோம்" என்றாலோ, "டெசிமல் முறையில் வைக்கிறோம்" என்றாலோ நிம்மதி. மேஜைக் கால்குலேட்டர்கள் பெரும்பாலும் பத்துப் பத்தாகத் தான் எண்ணுகின்றன. அதனால் தான் கம்ப்யூட்டர் பிசகிய இடத்தில் கால்குலேட்டர் ஒத்துப் போகிறது. "மிதவைப் புள்ளியில் வைக்கிறோம், கடைசியில் சரி செய்து கொள்கிறோம்" என்றால், எங்கே, எத்தனை இடத்தில் சரி செய்கிறீர்கள் என்று விடாமல் கேட்க வேண்டும். வரிக்கு வரி சுருக்குகிறதா, மொத்தத்தில் ஒரே தடவையா என்பதை வாங்குபவரும் விற்பவரும் முதல் பில்லுக்கு முன்பே பேசிக் கொள்வது நல்லது. இதில் எது சரி என்று வாதாடுவதை விட, இரண்டு பேரும் ஒரே வழியைப் பிடிப்பது தான் முக்கியம்.

ஏற்றுமதி செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு சதுரடி என்பது 0.09290304 சதுர மீட்டர். நம் வட்டாரத்தில் 0.0929 என்று வெட்டிப் போடுவது பழக்கம். ஒரு லட்சம் சதுரடிக்கு 0.304 சதுர மீட்டர், அதாவது மூன்றேகால் சதுரடிக்குச் சற்று மேல், விற்பவர் கையை விட்டுப் போகிறது. அடிக்கு 100 ரூபாய் என்றால் 327 ரூபாய். தஹ்ரானில் நடந்ததும் இது தான்: வெட்டிய எண்ணைப் பெரிய எண்ணிக்கையால் பெருக்கியது. முழு எண்ணையும் போட்டு வைக்க மெஷினுக்கு ஒரு செலவும் இல்லை.

இன்னொரு சோதனை. 2007 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் எக்செல் 2007-ல் 850-ஐ 77.10-ஆல் பெருக்கினால் 65,535 என்று காட்டுவதற்குப் பதில் 1,00,000 என்று காட்டியது. 850 அடித் தோலுக்கு 77 ரூபாய் 10 பைசா விலை போட்டவர் பில்லில் முப்பத்து நாலாயிரம் ரூபாய் ஏறியிருக்கும்! உள்ளே கணக்குச் சரியாக இருந்தது, திரையில் காட்டுகிற இடத்தில் தான் பிழை. அக்டோபரில் திருத்தம் கொடுத்து விட்டார்கள். அந்தத் திருத்தத்தைப் போட்டுக் கொள்ளாத பழைய எக்செல் யாரிடமாவது இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பில் போடுகிற சாப்ட்வேருக்கு 53 ரூபாய் 50 பைசா, 5 சதவீதம்; ஒரு வரி ஒரு தடவை, 40 வரி ஒரு தடவை. 2.68-ம், 107-ம் வருகிறதா என்று கணக்குப்பிள்ளையே ஐந்து நிமிடத்தில் பார்த்து விடலாம். வராவிட்டால் அந்தக் காகிதத்தை அச்செடுத்து சாப்ட்வேர் கொடுத்தவரிடம் கொடுங்கள். ஒரு பிரதியை, பில் ஒத்து வரவில்லை என்று சொன்னவருக்கும் அனுப்புங்கள்.